திருவிடந்தைக் கடற்கரை யார் கையில்?

2018 ஏப்ரலில் ஒன்றிய பாதுகாப்பு அமைச்சகம் ராணுவத் தளவாடக் கண்காட்சியைத் திருவிடந்தையில் நடத்தியது. நாடே அந்த ஊரைப் பார்த்தது. ஆனால் அந்தப் பகுதிக் கடற்கரையில் வலை உலர்த்தும் மீனவர்களுக்கு அந்த மணலில் என்ன உரிமை என்று நாம் யோசித்திருக்கிறோமா?

அரசியல் சாசனப்படி நிலம் மாநிலப் பட்டியலில் வருகிறது. பட்டாவும் புறம்போக்கும் மாநில வருவாய்த் துறையின் பொறுப்பு. ஆனால் கரையோரத்தில் எதைக் கட்டலாம் என்பதை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு முடிவு செய்கிறது.

1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டுமானம் கூடாத பகுதியாக வைத்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. டெல்லியில் எண் மாறினால் இங்கே படகு நிறுத்தும் இடம் விடுதிக்குப் போகலாம். மீனவர் கையில் அந்த இடத்துக்குப் பட்டா இருக்காது. தலைமுறைப் பழக்கம் மட்டுமே இருக்கும்.

எனினும் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தை மாநில அரசே தயாரிக்கிறது. பொதுமக்களிடம் கருத்தும் கேட்க வேண்டும். வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் களம் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளனவா என்று அப்போதே பார்த்து, விடுபட்டிருந்தால் எழுத்தில் கேட்பதும், கிராம சபையில் தீர்மானம் போடுவதும் நம் கடமை. வரைபடத்தில் இல்லாத இடத்துக்காகப் பிறகு வாதாடுவது கடினம்.