நீர்க்கணக்கு: வில்பத்துவில் குடும்பத்தோடு ஓரிரவு

இலங்கையில் பாலைவனம் இல்லை. ஆனால் பாலை உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு திரிந்தால் அந்த நிலமே பாலையாகிவிடும் என்று தமிழ் வகுப்பில் படிக்கிறோம். ஓகஸ்ட் மாதத்தில் புத்தளத்துக்கு வடக்கே போய் வந்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது. மார்கழியில் தண்ணீர் ததும்பி நின்ற பள்ளங்கள் அப்போது வெடித்த சேறாகக் கிடக்கும். வண்டிச் சில்லு புதையும் மணல், முட்புதர், தலைக்கு மேலே இரக்கமில்லாத வெயில். அந்த வெயிலிலும் பச்சையாக நிற்பது பாலை மரம். வன்னிக்காரர் ஏங்கும் பாலைப்பழம் அதில்தான் பழுக்கிறது. அதைத் தின்னக் கரடிகள் மரத்தில் ஏறும்.

அந்த நிலத்தில்தான் வில்பத்து தேசியப் பூங்கா இருக்கிறது. நாட்டின் தேசியப் பூங்காக்களில் ஆகப் பெரியது. பரப்பளவு ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. யுத்தத்தால் 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்ததால், நம் பெற்றோர் பலர் தம் பள்ளிப் பருவத்தில் பார்க்கக் கிடைக்காத காடு இது. மணல் மேடுகள் சூழ்ந்த, மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்களை ‘வில்லு’ என்பார்கள். பூங்காவின் பெயரும் அதிலிருந்து வந்ததே. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர். பம்பலப்பிட்டியில் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், புத்தளத்தில் ஒரு தேநீரும் குடித்து, முற்பகலில் ஹுனுவில்கம வாயிலில் நிற்கலாம்.

காலையில் போய் மாலையில் திரும்புவதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. காட்டுக்குள்ளேயே கூடாரமடித்துத் தங்குவது வேறு விடயம். அதற்கான இடங்களை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். வாயிலில் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் புறப்படக் கூடாது. கூடாரமிடும் இடம் என்றதும் விடுதி போன்ற ஒன்றை மனதில் கற்பனை செய்துகொள்ளவும் வேண்டாம். மரநிழலில் துப்புரவாக்கிய ஒரு வெளி, அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, கடை இல்லை. வேண்டியதெல்லாம் நம்மோடு போக வேண்டும்.

நம் வீடுகளில் இப்படியொரு பயணத்தைத் திட்டமிடுவது பெரும்பாலும் வாப்பாவும் நானாமாரும்தான். பேச்சு ஜீப்பில் தொடங்கும், பிறகு கூடாரம், பிறகு கோழி சுடுவது. தண்ணீரைப் பற்றிக் கேட்டால், ‘ரெண்டு கேன் போட்டுக்கொள்ளலாம்’ என்பதோடு சரி. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் தண்ணீர், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்றொரு பாலைநிலத் தேசியப் பூங்கா உண்டு. 1913 ஜூலை 10ஆம் திகதி அங்கே பதிவான 56.7 பாகை செல்சியஸ் உலகின் மிகக் கூடிய வெப்பநிலையாகக் கொள்ளப்படுகிறது. அங்கு செல்பவர்களுக்குச் சொல்லப்படும் அளவு, குடிப்பதற்கு மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லீற்றர். வில்பத்து அவ்வளவு கொடிய இடமல்ல. ஆனாலும் நமது புழுக்கத்தில் வியர்வை உடம்பிலேயே நின்றுவிடுவதால், அதே அளவை வைத்துக்கொள்வது நல்லது. வாப்பா, உம்மா, உம்மும்மா, மூன்று பிள்ளைகள் என ஆறு பேர் ஓரிரவு தங்குவதாக வைப்போம். இரண்டு நாள்; குடிக்க 48 லீற்றர். சமைக்க, கழுவ, வுழூ செய்ய, மலசலகூடத் தேவைக்கு என ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லீற்றராவது வேண்டும், அது 72. வண்டி பழுதாகி இன்னொரு நாள் தங்க நேர்ந்தால் குடிக்க 24. மொத்தம் 144 லீற்றர், அதாவது 20 லீற்றர் கேன் எட்டு.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எனவே இது இரண்டு பெரியவர்களின் பாரம். ஆறு பேரோடும் சாரதியோடும் கூடாரங்களோடும் இதையும் ஒரே ஜீப்பில் ஏற்றினால் மணலில் முதலில் புதைவது அந்த ஜீப்பாகத்தான் இருக்கும். இரண்டு இரவு என்றால் கணக்கு 204 லீற்றருக்குப் போய்விடும். ஆகவே முதன்முறை போகும் குடும்பத்துக்கு ஓரிரவு போதும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு ஜீப்பில் போவது அதைவிட நல்லது. ஒன்று புதைந்தால் மற்றது இழுக்கும். வில்லுத் தண்ணீரை நம்பக் கூடாது. சில வில்லுகள் உவர்ப்பு. எல்லா வில்லுகளிலும் எருமை புரளும், முதலை கிடக்கும். குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் கூடக் கரைக்குப் போகக் கூடாது.

வுழூவுக்கு நாம் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு வாளிக்கணக்கில் ஓடவிடுகிறோம். நபியவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூ செய்ததாக ஹதீஸில் வருகிறது. முத்து என்பது ஏறத்தாழ அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை. பயணியாகச் சுருக்கியும் சேர்த்தும் தொழும் சலுகையையும் எண்ணிக்கொண்டால் இந்தச் செலவு மேலே போட்ட கணக்குக்குள் அடங்கிவிடும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒரு சிறு போத்தலை வைத்துப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

இனி, எந்தப் பட்டியலிலும் காணாத ஒன்று. எட்டுக் கேன் தண்ணீரையும் கொண்டுபோய் இறக்கி வைத்த பிறகும் ஒரு பெண்பிள்ளை அதைக் குடிக்காமலே இருந்துவிடலாம். காரணம் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்வதுதான் இல்லை. ஒதுங்க இடமில்லாத பயணத்தில் நாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். பஸ் பயணத்துக்கு முன்னும் இதையே செய்கிறோம். பஸ்ஸில் அது ஒரு தலைவலியோடு போய்விடும். வெயில் காயும் காட்டில் இரண்டு நாள் அப்படி இருந்தால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். உம்மும்மாவுக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால் அபாயம் இன்னும் கூட. சிறுநீரைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்கள் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே நீர்க்கணக்கின் முதல் வரி மலசலகூடம். ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய, ஒடுக்கமான, உள்ளே தெரியாத துணிக் கூடாரம் ஒன்று. தையல் தெரிந்த உம்மா ஒரு பிற்பகலில் தைத்துவிடுவார். இறுக்கமான மூடியுள்ள வாளி, அதற்குள் போட மரத்தூள், தண்ணீர், சவர்க்காரம். இதைத் தங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே, வில்லுக் கரைக்கு எதிர்ப்புறமாக அமைக்க வேண்டும். இரவில் எவரும், ஆண்களும்தான், புதர்ப் பக்கம் போகக் கூடாது. யானை அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வரும். மாதாந்தத் தேவைக்குரிய பொருட்களை நாள் வராவிட்டாலும் கொண்டுபோக வேண்டும். பாவித்தவற்றை இறுகக் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். ‘பொம்புளப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போறது கஷ்டம்’ என்று சொல்லி மகள்களை சாச்சி வீட்டில் விட்டுப்போகும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கஷ்டத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு துணிக் கூடாரத்தோடு தீர்ந்துவிடும்.

எல்லோரும் போதியளவு குடிக்கிறார்களா என்பதை அறிய ஒரு வழி உண்டு. நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். நிறம் வெளிறி இருக்க வேண்டும். கடும் மஞ்சளென்றால் உடம்பு கேட்கிறது என்று பொருள். ஜீவனிப் பைக்கற்றுகள் சிலவற்றை எடுத்துப் போங்கள். ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒருவர் தலைசுற்றிப் பேச்சுத் தடுமாறி உடம்பு கொதித்தால் அது வெறும் களைப்பல்ல. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நனைத்து, விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். பெரிய வைத்தியசாலைகள் அநுராதபுரத்திலும் புத்தளத்திலும் உள்ளன. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம். ஆனால் காட்டுக்குள் எல்லா இடத்திலும் தொலைபேசி எடுபடாது என்பதை மறக்கக் கூடாது.

வாகனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வீட்டு வான் வாயிலோடு நிற்கட்டும். உள்ளே நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்பும், அந்த மணலை அறிந்த சாரதியும் வேண்டும். பாதையில்லாத இடத்தில் ஓட்டுவதுதான் வீரம் என்று படங்களில் காட்டுகிறார்கள். இங்கே பாதையை விட்டு விலகுவது விதிமீறல். அனுமதிக்கப்பட்ட இடங்களில் தவிர வண்டியை விட்டு இறங்குவதும் அப்படியே. மணலில் புதைந்தால் சாரதி இயந்திரத்தை உறுமவிடாமல், ரயரில் காற்றை மூன்றில் ஒரு பங்களவு குறைத்து, சில்லுக்கு முன்னால் மணலை வாரிப் பலகை போட்டு மெதுவாக எடுப்பார். இருட்டுவதற்குள் தங்குமிடத்தில் இருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு காட்டுப் பாதையில் ஓட்டம் இல்லை.

மரணப் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொன்னேன். 1996 ஜூலையில் ஜேர்மனியிலிருந்து வந்த நால்வர் கொண்ட குடும்பமொன்று வாடகை வானில் அந்தப் பூங்காவுக்குள் போனது. அவர்களில் இருவர் சிறுவர். சாதாரண வான் போகக்கூடாத, மணல் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில் வண்டி நின்றுபோனது. ஒக்டோபரில் ரயர்கள் பழுதான நிலையில் வானை மட்டும் கண்டுபிடித்தார்கள். பல கிலோமீற்றருக்கு அப்பால் பெரியவர்களுடையவை என்று கருதப்படும் எலும்புகள் கிடைத்தது 2009இல். வண்டியை விட்டு நடக்கத் தொடங்கியவர்களைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டை நான் வாசித்ததில்லை. வண்டி நின்றால் வண்டியோடு இருக்க வேண்டும். அதன் நிழலும் அதிலுள்ள தண்ணீரும்தான் உயிர். தேடி வருபவர்களின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

தேடுவதற்கு ஒருவர் வேண்டுமே. ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வாயில், எந்தத் தங்குமிடம், ஜீப்பின் இலக்கம், சாரதியின் தொலைபேசி இலக்கம், வெளியே வரும் நாளும் நேரமும். அதைக் கொழும்பில் இருக்கும் சாச்சாவிடம் கொடுங்கள். இரவு எட்டு மணி வரை அழைப்பு வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். இதை எழுதும் வேலையை வீட்டில் கையெழுத்து நல்லதாக உள்ள பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

இப்படியெல்லாம் திட்டமிட்டுப் பயணம் போவது புதிதல்ல. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவா ஆதம் மலைக்குப் போக விரும்புவதாகக் கேட்டார். மன்னன் ஒரு பல்லக்கையும், ஆண்டுதோறும் அவ்வழியே போய்வரும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் ஆட்கள் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கூட்டி அனுப்பினான் என்று அவர் தம் பயண நூலில் சொல்கிறார். வழி தெரிந்தவர் முதலில், சுமப்பவர் பிறகு. அந்த வழியில் தண்ணீருக்குக் குறைவில்லை என்று சொல்லிவிட்டே நகர்கிறார். அவர் போனது புத்தளத்திலிருந்து தெற்கே. வடக்கே போயிருந்தால் சுமக்க இன்னும் பலர் தேவைப்பட்டிருப்பார்கள்.

உணவு விடயத்தில் ஆசையைக் கட்டிப்போட வேண்டும். முதல் இரவுக்கான கறியை வீட்டிலேயே சமைத்து உறையவைத்து எடுத்துப் போனால் தண்ணீரும் மிச்சம், விறகும் மிச்சம். சில தண்ணீர்ப் போத்தல்களையும் உறையவைத்துக் குளிர்ப் பெட்டிக்குள் கறியைச் சுற்றி அடுக்கலாம். உருகியதும் அது குடிநீர். மறுநாள் காலைக்கு றொட்டியும் மாசிச் சம்பலும் போதும். பழங்களையும் உப்பையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. யானைக்கு அந்த வாசம் வெகு தூரம் எட்டும். பகலில் குரங்கு வேறு. இரவில் எல்லாவற்றையும் ஜீப்புக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

திரும்பும் நாளில் காலை வெயில் ஏறுவதற்குள் கூடாரத்தைக் கழற்றுங்கள். கொண்டுபோன பொலித்தீனில் ஒன்றும் அங்கே தங்கக் கூடாது. மான்கள் அதைத் தின்னும். தார் வீதிக்கு ஏறுமுன் ரயருக்குக் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தையும் உடுப்புகளையும் உள்ளே எடுக்காமல் வெளியிலேயே உதறி வெயிலில் போடுங்கள். அந்தக் காட்டு உண்ணி சிறியது. காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு பம்பலப்பிட்டி வரை வரும். பிள்ளைகளைக் குளிக்க வைக்கும்போது அந்த இடங்களைத் தேடிப் பார்த்து, சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.