லோடு தாமதமா? டிரைவரைத் திட்டும் முன் நோட்டைப் புரட்டுங்கள்!

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுவட்டார கிராமங்களின் கத்தரியும் வெண்டையும் இந்தச் சாலைகள் வழியாகத்தான் கோயம்பேடு போகின்றன. உதிரிபாக லாரி நேரத்துக்கு வராவிட்டால் ஆலையில் வேலையே நின்றுபோகும். காய்கறி வண்டி தாமதமானால் அதிகாலை வியாபாரம் முடிந்து, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் ஆலையும், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய ஆலைகள் கடைப்பிடிக்கும் தர மேலாண்மையை, உழவர் உற்பத்தியாளர் குழுவின் 'குட்டி யானை' வண்டிக்கும் பயன்படுத்தலாம். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

ஆளை அல்ல, முறையைப் பாருங்கள்

ஜப்பான் தொழிற்சாலைகளுக்கு 1950-ல் தரக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்தவர் அமெரிக்கரான டெமிங். அவர் பெயரிலான விருதை, சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் பெற்றது. பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் தொழிலாளி அல்ல, வேலை நடக்கும் முறைதான் என்பது டெமிங்கின் அடிப்படைப் பாடம். வண்டி தாமதமாகப் புறப்பட்டால் டிரைவரை மாற்றிப் பயனில்லை. அறுவடை தாமதமா, எடை போட ஆள் இல்லையா, ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே சிக்கியதா என்று பாருங்கள்.

நோட்டு போடுங்கள்

ஒவ்வொரு நடைக்கும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஏற்றிய எடை, கழிவாகப் போன எடை, டீசல் ஆகியவற்றை எழுதுங்கள். 700 கிலோ தக்காளியில் 35 கிலோ நசுங்குவதாக வைத்துக்கொள்வோம். கிலோ 20 ரூபாய் என்றால் நடைக்கு 700 ரூபாய். மாதம் 25 நடைக்கு 17,500 ரூபாய் நஷ்டம். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்செய் தொழில்நுட்ப நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடை முதல் விற்பனை வரை தக்காளியில் 12.44 சதவீதம் வீணாகிறது.

ஒரு நேரத்தில் ஒரு காரணம்

ஒரு மாதக் கணக்கில் எந்தக் காரணம் அதிக நஷ்டம் தந்ததோ, அதை மட்டும் முதலில் கையில் எடுங்கள். மூட்டையில் நசுங்கினால் பிளாஸ்டிக் கிரேடுக்கு மாறுங்கள். அடுத்த மாதம் கழிவு குறைந்ததா என்று நோட்டில் பாருங்கள். குறைந்திருந்தால் அதையே நிரந்தர வழக்கமாக்குங்கள். குறையாவிட்டால் வேறு வழி தேடுங்கள். திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று ஆலைகள் சொல்வது இதைத்தான்.

பால் வண்டி பாடம்

ஒரே லாரி பல கம்பெனிகளுக்குப் போய்க் குறித்த நேரத்தில் உதிரிபாகம் சேகரிப்பதை ஆலைகளில் 'மில்க் ரன்' என்பார்கள். பால் வண்டியைப் பார்த்து வைத்த பெயர் அது! ஐந்து விவசாயிகள் தனித்தனியாக வண்டி பிடிப்பதைவிட, ஒரே வண்டி ஐந்து தோட்டத்துக்கும் நேரம் குறித்து வந்தால் வாடகை பிரியும். திரும்பும்போது காலி கிரேடு, உரம், தீவனம் ஏற்றி வந்தால் டீசலும் வீணாகாது.

புறப்படும் முன் டயர் காற்று, பிரேக், விளக்கு, தார்ப்பாய், ஆவணங்கள் ஆகிய ஐந்தையும் சரிபார்த்து டிரைவர் கையெழுத்திடட்டும். வேளாண் அலுவலர்கள், குழுவின் மாதக் கூட்டத்தில் இந்த நோட்டை வாசிக்கச் செய்யலாம். கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்தால், பழி போடும் பேச்சு குறைந்து தீர்வுக்கான பேச்சு தொடங்கும்.