தறி நின்றால் அடுப்பும் அணைய வேண்டுமா?

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலை மலை உச்சியில் எரியும் திரி, காடாத் துணி. இலட்சோப இலட்சம் பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தத் துணியை நெய்தவன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கேட்பவர் எத்தனை பேர்? நாம் கேட்கிறோம். கேட்க வேண்டிய கட்டம் வந்திருக்கிறது, கேட்கிறோம்.

துணிக்கும் இந்த மாவட்டத்துக்கும் உறவு பழையது. ஆரணிப் பட்டு ஊரறிந்தது. தேவிகாபுரத்துத் தறியோசை நாமறிந்தது. மழை பொய்த்த மேட்டு நிலத்தை விட்டு, மூட்டை முடிச்சோடு பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகளும் இங்கே பலர் உண்டு.

2025 ஆகஸ்டு 27ஆம் நாள் முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவிகித வரி என்றது அமெரிக்கா. ஆணை பிறந்தது வாஷிங்டனில்; அடி விழுந்தது அவிநாசி ரோட்டில்! இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊர் திருப்பூர். ஆர்டர் நின்றது, ஷிப்டு குறைந்தது, கூலி குறைந்தது. வாடகை குறைந்ததா? அரிசி விலை குறைந்ததா? வரி ஏறும், இறங்கும். வேலையில்லாமல் போன நாளின் கூலி திரும்ப வருமா?

டில்லி சும்மா இருந்ததா? இல்லை. பஞ்சு இறக்குமதி வரி 11 சதவிகிதத்தை அந்த ஆண்டு இறுதி வரை நீக்கியது. நவம்பரில், ஏற்றுமதி ஊக்கத்துக்கென 25,060 கோடி ரூபாய்த் திட்டம். ஏற்றுமதியாளர் கடனுக்கு 20,000 கோடி வரை உத்தரவாதம். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கம்பெனி வாழ்ந்தால்தான் வேலை வாழும். ஆனால் பஞ்சுக்குச் சலுகை, கடனுக்குச் சலுகை. பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, துணியைச் சட்டையாக்கும் கைக்கு என்ன சலுகை? அந்தப் பத்தி மட்டும் வெறுமை!

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1953இல் மில்களில் துணி தேங்கி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நிலை வந்தபோது, அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. லே-ஆப் செய்தால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தரவேண்டும் என்றது. அன்றைக்கு அது வெற்றி. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதி, பாதியாகவே நிற்கிறது! அதுவும் யாருக்கு? ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில், ஓராண்டு தொடர்ந்து உழைத்து, பதிவேட்டில் பெயர் உள்ளவனுக்கு. பத்துத் தையல் மிஷின் போட்ட பட்டறையில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தங்கைக்கு? ஒன்றுமில்லை. தருவதும் முதலாளி பணம். சர்க்கார் பணம் ஒரு காசு இல்லை. ஆர்டர் இழந்தவன் தலையில் அந்தப் பாரமும் ஏறினால், ஆளையே கழித்துவிடத்தான் வழி தேடுவான். அதற்கும் கதவு அகலமாகிவிட்டது. ஆட்குறைப்புக்கு முன் அனுமதி 100 பேர் ஆலைக்கே வேண்டும் என்றிருந்ததை, 300 பேர் ஆலைக்கு என்று உயர்த்திவிட்டார்கள்.

வேறு வழி உண்டா? உண்டு. கணக்கைப் பாருங்கள். ஓர் ஆலையில் 90 பேர். வேலையோ 60 பேருக்குத்தான். 30 பேரைத் துரத்துவது ஒரு வழி. 90 பேரும் வாரம் ஆறு நாளுக்குப் பதில் நான்கு நாள் வேலை செய்வது இன்னொரு வழி. இரண்டிலும் வேலைநாள் 360தான்! போன இரண்டு நாளுக்குப் பாதிக் கூலியைச் சர்க்கார் தந்தால், ஆளுக்கு வாரம் ஒரு நாள் கூலிதான் செலவு. மிஞ்சுவது 30 குடும்பத்தின் மானம்.

கற்பனையல்ல இது. ஜெர்மனியில் இதற்குக் 'குறுவேலை' என்று பெயர். இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவிகிதம், பிள்ளை பெற்றவனுக்கு 67 சதவிகிதம் தருகிறார்கள். 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 60 இலட்சம் பேரை அது தாங்கியது. பிரிட்டன் 1978இல் நெசவு, ஆடை, காலணித் தொழில்களுக்கே இப்படி ஒரு திட்டம் போட்டது; 1979இல் மற்றத் தொழில்களுக்கும் விரித்தது. நம் தறிகளை நசுக்கிய லங்காஷயர், தன் தறி தடுமாறியபோது சர்க்கார் கையைப் பிடித்து நின்றது! ஆனாலும் அங்கே நெசவுத் தொழில் பின்னர் சுருங்கத்தான் செய்தது. அதையும் மறைக்க மாட்டோம். இது நோய் தீர்க்கும் மருந்தல்ல. விழாமல் காக்கும் ஊன்றுகோல். ஊன்றுகோல் என்பதற்காக நொண்டியிடமிருந்து பிடுங்குவார்களா?

இங்கே ஈ.எஸ்.ஐ.யில் 2018இல் தொடங்கிய திட்டம் ஒன்று, வேலை போனவனுக்கு 90 நாள் வரை பாதிக் கூலி தருகிறது. வேலை முழுதும் போக வேண்டும்! பாதி போனால் பரிவில்லை. வீடு எரிந்து முடிந்த பிறகுதான் தண்ணீர் வண்டி வரும் என்பது என்ன நியாயம்?

பொய்க்கணக்கு எழுதிப் பணம் சுருட்டுவார்கள் என்று சிலர் அஞ்சுவார்கள். நியாயமான அச்சம். ஆகவே பணம் தொழிலாளியின் பாங்கிக் கணக்குக்கே போகட்டும். திட்டம் நடக்கும் காலம் வரை ஒருவரையும் நீக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் வேண்டுமானால் மறுபரிசீலனை. சங்கத்தின் கையொப்பம் இல்லாமல் குறுவேலை கிடையாது.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 1953இல் கைத்தறி கண்ணீர் வடித்தது. அண்ணா திருச்சி வீதியில் கைத்தறித் துணி விற்றார். கழகத்தார் ஊர் ஊராகத் தோளில் சுமந்து விற்றார்கள். அதே ஆண்டு, மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பைசல்லி தீர்வை போட்டு, கைத்தறிக்கும் கதருக்கும் நிதி கண்டது சட்டம். செழித்த கையிலிருந்து சிறிது எடுத்து, சிதைந்த கைக்குக் கொடுத்தார்கள். அன்று முடிந்தது இன்று முடியாதா? நல்ல ஆண்டில் ஏற்றுமதியிலிருந்து சிறு துளி சேர்த்தால், கெட்ட ஆண்டில் அது குடிநீர்.

தோழர்களே! ஆரணியில், செய்யாற்றில், திருப்பூரில், உங்கள் கிளை இருக்கும் இடமெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். எந்த ஆலையில் எத்தனை நாள் வேலை போயிற்று, எத்தனை பேருக்குக் கூலி போயிற்று என்று எழுதுங்கள். சென்னையில் எவர் ஆண்டாலும், டில்லியில் எவர் ஆண்டாலும், அந்தக் கணக்கை மேசைமேல் வையுங்கள். பிச்சை கேட்கவில்லை நாம். நாடு உடுத்தும் துணிக்கு நாடு தரவேண்டிய பாக்கியைக் கேட்கிறோம்.