நீச்சற்றொட்டியின் விலையும் செலவும்

‘சுண்டைக்காய் காற் பணம், சுமைகூலி முக்காற் பணம்’ என்பது நம் முன்னோர் மொழி. ஒரு பொருளின் விலை வேறு, அதனை வீட்டிற் கொணர்ந்து வைத்து ஆளுவதற்காகுஞ் செலவு வேறு என்னும் உண்மையை இதனினுஞ் சுருங்கக் கூறுதல் அரிது. இம்முதுமொழிக்கு நல்ல விளக்கமாக அமையும் பொருளொன்று மேனாடுகளிலே வீட்டு வளவுகளில் இடம்பெற்று வருகின்றது. அதற்குச் ‘சுவிம் ஸ்பா’ என்று பெயர். நாம் அதனை நீச்சற்றொட்டி என வழங்குவோம்.

கனடாவிலே ரொறன்ரோ நகரையும் அதன் அயலூர்களையும் வாழ்விடமாகக் கொண்ட நம்மவர் பலர். “அப்பாவுக்கு முழங்கால் நோவு, வெந்நீரிற் கைகால் அசைத்தால் நல்லது, பிள்ளைகளும் நீந்திப் பழகுவார்கள், வாங்கிவிடுவோமா?” என்னும் பேச்சு அவர்களிடையே எழுவது இயல்பே. எண்ணம் நல்லதுதான். ஆனால், கடையிலே தொட்டியின்மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு முழுக்கணக்கின் முதல் வரி மாத்திரமே. எஞ்சிய வரிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மாணவர்கள் இதனை ஒரு கணிதப் பயிற்சியாகவுங் கொள்ளலாம்.

தொட்டி எத்தகையது?

நீச்சற் றடாகத்தில் நாம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்திச் செல்கின்றோம். நீச்சற்றொட்டியிலோ நாம் நின்ற இடத்திலேயே நீந்துகின்றோம். நீர்தான் நம்மை எதிர்த்து ஓடுகின்றது. தொட்டியின் ஒரு முனையிலுள்ள பம்பிகள் நீரை வேகமாகத் தள்ள, அவ்வோட்டத்தை எதிர்த்து நீந்துபவர் முன்னுஞ் செல்லார், பின்னும் போகார். எதிர்நீச்சல் என்னுஞ் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான காட்சி வேறில்லை. ஆகவே நாலரை மீற்றர் நீளமுள்ள தொட்டியிலே ஒருவர் மணிக்கணக்காக நீந்தலாம்.

இதன் முன்னோடி நோயாளிக் குழந்தை ஒன்றின் பொருட்டுப் பிறந்தது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவிற் குடியேறிய ஜக்கூசி சகோதரர்கள் விமானச் சுழலிகளையும், பின்னர் நீரிறைக்கும் பம்பிகளையுஞ் செய்தவர்கள். அவர்களுள் ஒருவருடைய மைந்தன் மூட்டுவாதத்தால் வருந்தினான். வீட்டுக் குளியற்றொட்டியிலேயே நீரைச் சுழலச்செய்து அவனுக்கு நீர்ச்சிகிச்சை அளிக்கும் பொருட்டு 1956 ஆம் ஆண்டிலே சிறு பம்பியொன்றை அவர்கள் உருவாக்கினர். நோய் தணிக்க வந்த அக்கருவியின் வழியிலேதான் வெந்நீர்ச் சுழற்றொட்டிகளும் நீச்சற்றொட்டிகளும் வளர்ந்தன.

நிலம் தாங்குமா?

முதலிலே பாரத்தைக் கணிப்போம். 6,000 லீற்றர் கொள்ளுந் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. எனவே நீர் மாத்திரம் 6,000 கிலோகிராம். தொட்டியின் நிறை ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எனக் கொள்க. உள்ளே ஆறு பேர் இறங்கினால் மேலும் 420 கிலோகிராம். மொத்தம் 7,420 கிலோகிராம். இப்பாரம் பத்துச் சதுர மீற்றர் பரப்பின்மேல் அமருமாயின், ஒவ்வொரு சதுர மீற்றரும் 740 கிலோகிராமுக்கு மேல் தாங்கவேண்டும். மரப்பலகை மேடையோ, புற்றரையோ இதற்கு ஏற்றதன்று. கம்பி வைத்துக் கட்டிய கொங்கிறீற்றுத் தளம் வேண்டும்.

ரொறன்ரோவின் குளிர் மற்றொரு சிக்கலை உண்டாக்குகின்றது. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். தளத்தின் கீழ் மண்ணிலே நீர் தேங்கி உறையுமாயின், அது தளத்தையே தூக்கிப் பிளந்துவிடும். ஆகவே மண்ணை அகழ்ந்து, சரளைக்கல் பரப்பி, நீர் வடிவதற்கு வழிசெய்து, அதன்மேலேயே தளம் இடல்வேண்டும். மலிவாக இட்ட தளம் ஒருபுறஞ் சரிந்தால் அதன்மேலுள்ள தொட்டியும் நெளியும். விற்றவர் கொடுத்த உத்தரவாதமும் பயனற்றுப் போகலாம்.

இனி, தொட்டியை வளவுக்குள் எவ்வாறு கொண்டுசெல்வது? வீட்டிற்கும் வேலிக்குமிடையே போதிய இடைவெளி இருந்தால் உருட்டிச் செல்லலாம். நெருங்கிய வீடுகள் கொண்ட தெருக்களில் அது இயலாது. பாரந்தூக்கி இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தி, கூரைக்கு மேலாகத் தூக்கி இறக்க வேண்டும். சுமைகூலி என்னுஞ் சொல் இவ்விடத்திலே தன் முழுப்பொருளையும் பெறுகின்றது.

மின்சாரமும் வெப்பமும்

இத்தொட்டிகள் பெரும்பாலும் 240 வோல்ற்று அழுத்தத்தில், 50 அம்பியரோ அதற்கு மேலோ மின்னோட்டம் வேண்டுவன. பழைய வீடுகள் சிலவற்றுக்கு மொத்தமே 100 அம்பியர் இணைப்புத்தான் உண்டு. அடுப்பு, உலர்த்தி முதலியவற்றோடு தொட்டியையுஞ் சேர்த்தால் அவ்விணைப்புப் போதாமற் போகலாம். வீட்டின் மின்னிணைப்பையே பெருப்பிக்க நேரும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே தொடர்பைத் துண்டிக்குங் காப்பு ஆளியும் இன்றியமையாதது. நீருள் நிற்பவனுக்கு மின்கசிவு உயிர்க்கேடாகும். ஒன்ராறியோ மாகாணத்திலே இவ்வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபையின் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். ‘தெரிந்த பொடியன் ஒருவனைக் கொண்டு குறைந்த கூலியிற் செய்விப்போம்’ என்பார் பேச்சு இவ்விடத்திற் கொள்ளத்தக்கதன்று.

மாணவர்கள் இனி எழுதுகோலை எடுக்கலாம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோயூல் வேண்டும். ஒரு மின்னலகு 3,600 கிலோயூல். எனவே 6,000 லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க ஏழு அலகுகள் செலவாகும். குழாயிலிருந்து 8 பாகையில் வரும் நீரை நீந்துவதற்கேற்ற 28 பாகைக்கு உயர்த்த 140 அலகுகள் வேண்டும். 5.5 கிலோவாற்றுச் சூடேற்றி இதனைச் செய்து முடிக்க ஒரு நாளுக்குச் சற்று மேலாகும்.

ஓர் அலகு 15 சதம் எனக் கொண்டால், முதற் சூடேற்றத்துக்கான செலவு 21 டொலர் மாத்திரமே. ‘இவ்வளவுதானா?’ என்று மகிழ்தல் வேண்டா. செலவு சூடேற்றுவதில் அன்று, சூட்டைக் காப்பதிலே உள்ளது. மாரியிலே வெளியில் குளிர் பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகை வரை இறங்கும் இரவுகளும் உண்டு. நாளொன்றுக்கு மூன்று பாகை வெப்பம் போகுமாயின், அதனை ஈடுசெய்ய 21 அலகுகள். மாதம் 630 அலகுகள். ஏறத்தாழ 95 டொலர். முதல் நாளின் 21 டொலர் எங்கே, மாதந்தோறும் வரும் 95 டொலர் எங்கே!

வெப்பத்தைக் களவாடுவதிலே பெரிய கள்வன் ஆவியாதலே. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது, ஏறத்தாழ 580 லீற்றர் நீரை ஒரு பாகை குளிரச்செய்யும் அளவு வெப்பத்தைக் கொண்டுபோகின்றது. நம் தொட்டியிலிருந்து பத்து லீற்றர் ஆவியானாற் போதும்; தொட்டி முழுவதும் ஒரு பாகை குளிர்ந்துவிடும். தடித்த, இறுக மூடும் மூடி எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். அம்மூடியும் சில ஆண்டுகளில் ஈரம் உறிஞ்சிப் பாரமாகிப் பழுதுபடும். புதிது வாங்க வேண்டும்.

மின்சாரம் நீண்டநேரம் தடைப்படும் மாரி நாளிலே மற்றோர் இடர் உண்டு. ஓடாது நிற்கும் நீர் குழாய்களுள் உறைந்து, அவற்றை வெடிக்கச் செய்யும். வீட்டார் ஊருக்கு வந்து ஒரு மாதந் தங்க எண்ணினால், தொட்டியைப் பார்ப்பதற்கும் ஓர் ஆளை வைத்துவிட்டு வரவேண்டும்.

கணக்கு முழுவதும்

இப்பொழுது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை அமைப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் எண்களை இட்டுப் பார்த்தல் வேண்டும்.

விலைச்சீட்டு 35,000 டொலர். ஒன்ராறியோவில் விற்பனை வரி நூற்றுக்கு 13. அது விலைச்சீட்டிற் சேராது தனியே வருவது. ஆகவே 4,550 டொலர். தளம் 5,000. மின்வேலை 3,000. கொண்டுவருதலும் பாரந்தூக்கியும் 1,500. மூடி, மூடிதூக்கி, படிகள் 2,500. வேலி, கதவு, அனுமதிக் கட்டணம் 3,000. மொத்தம் 54,550 டொலர். விலையின்மேல் ஏறிய சுமைகூலி 19,550 டொலர்; அஃதாவது விலையிற் பாதிக்கும் மேல்.

இது முதலாண்டின் முதல் நாட் கணக்கு. ஆண்டுதோறும் வருவன வேறு. மாரியையுங் கோடையையுஞ் சராசரி செய்து, பம்பிகளையுஞ் சேர்த்து, நாளுக்கு 18 அலகு எனின் மின்சாரம் 985 டொலர், மருந்துகளும் வடிகளும் 600, மூடிக்காக ஒதுக்குவது 400, திருத்தவேலை 400. ஆண்டொன்றுக்கு 2,385, பத்தாண்டுக்கு 23,850. முன்னதையும் சேர்க்க 78,400 டொலர் ஆகின்றது.

‘தவணை முறையில் வாங்கலாமே’ என்று கடைக்காரர் இனிமையாகக் கூறுவர். 35,000 டொலரை நூற்றுக்கு 10 வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 744 டொலர். அறுபது மாதங்களிற் கட்டுவது 44,600 டொலர். வட்டி மாத்திரம் 9,600 டொலர். ‘மாதம் எவ்வளவு?’ என்று கேட்பவன் பெறுவது ஒரு விடை, ‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்பவன் பெறுவது முற்றிலும் வேறொரு விடை.

கடன் இன்றி வாங்கியதாகவே கொண்டு, 78,400 டொலரைப் பயனால் வகுத்துப் பார்ப்போம். ஒருவரே வாரம் ஒருமுறை பத்தாண்டுகள் நீந்தினால் 520 முறை; ஒருமுறை நீந்த 150 டொலர். வாரம் நான்கு முறை நீந்தினால் ஏறத்தாழ 38 டொலர். வீட்டில் நால்வரும் தனித்தனியே வாரம் நான்கு முறை இறங்கினால் ஒன்பது டொலர் சொச்சம். எனவே தொட்டி விலைகூடியதா மலிவானதா என்பதைத் தீர்ப்பது கடை அன்று, வீட்டாரின் பழக்கமே. மாநகரசபையின் நீச்சற் றடாகத்துக்கு இப்பொழுதே கிழமைதோறும் செல்லும் குடும்பம் தொட்டியையும் பயன்படுத்தும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே செல்லாதவர்கள், தொட்டி வந்தபின் நாடோறும் நீந்துவர் என்பதற்கு என்ன உறுதி?

பணத்தினும் பெரிது

இக்கணக்கிலே டொலரால் அளக்க முடியாத ஒன்றும் உண்டு. சிறுபிள்ளை நீரில் மூழ்குவது சத்தமின்றி, சில நிமிடங்களுள் நிகழ்ந்துவிடுவது. வேலியும், தானே பூட்டிக்கொள்ளுங் கதவும், பூட்டுள்ள மூடியும் இதற்காகவே. விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். வாங்குமுன் தம் மாநகரசபையிற் கேட்டறிதல் கடன். அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில், 30 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாக நீர் கொள்ளுந் தடாகங்களுக்கும் தொட்டிகளுக்கும் பாதுகாப்பு வேலி கட்டாயம். 2019 டிசெம்பர் முதல் அவற்றைப் பதிவுசெய்தலுங் கட்டாயம். வேலிக்கான பணத்தை மிச்சம் பிடிப்பது மிச்சம் அன்று.

இளஞ்சூடான நீர் கிருமிகளுக்கும் இனிது. குளோரீன் போன்ற மருந்தின் அளவையும், பி.எச். எண் 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் நிற்பதையும் அடிக்கடி சோதித்தல் வேண்டும். கவனியாது விட்டால் லெஜியனெல்லா போன்ற கிருமிகள் பெருகி, சுவாசநோய் உண்டாக இடமுண்டு. நோய் தணிக்க வாங்கிய தொட்டி நோய் தருவதாகி விடலாகாது. நீரின் சூடு 40 பாகையைக் கடத்தல் ஆகாது. முதியோரும் இருதய நோயுள்ளோரும் கருவுற்ற பெண்களும் வைத்தியரைக் கேட்ட பின்னரே வெந்நீரில் இறங்குதல் நன்று.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைப்பது வாங்கவேண்டா என்று தடுப்பதற்கன்று. முழங்கால் நோவால் படியிறங்க மாட்டாத முதியவர், உடற்பாரத்தை நீர் தாங்க, நோவின்றி நடந்து பார்க்கும்போது அடையும் மகிழ்ச்சிக்கு விலை கூற யாரால் இயலும்? அம்மகிழ்ச்சி நீடிக்கவேண்டுமாயின் அதன் பின்னாலுள்ள கடன் குடும்பத்தை அமிழ்த்தாதிருக்க வேண்டும். ரொறன்ரோவில் உழைக்கும் ஒருவருடைய வருவாயை நம்பி அங்கே வீட்டுக்கடனும், இங்கே தம்பி தங்கையர் படிப்பும் நிற்பது நாமறியாததன்று. எதிர்பாராத இருபதினாயிரம் டொலர் சுமைகூலி எந்தப் பக்கத்தை முதலில் தாக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே, வாங்க எண்ணுவோர் ஒரு தாளில் மூன்று வரிசை எழுதுக: முதல் நாட் செலவு, ஆண்டுச் செலவு, வட்டி. ஒவ்வொன்றுக்கும் எழுத்திலே விலைமதிப்புப் பெறுக. தளம் இடுபவர், மின்வேலை செய்பவர், பாரந்தூக்கி உடையவர் ஆகிய மூவரும் வளவை நேரிற் பார்த்தபின்னரே முற்பணம் கொடுக்குக. மூன்று மாதம் குடும்பத்தோடு பொதுத் தடாகத்துக்குச் சென்று பழகிப் பார்க்குக. அதன் பின்னரும் ஆசை குறையாமலும் கணக்கு இடிக்காமலும் இருந்தால் தயங்காது வாங்கலாம். ஆழமறிந்து காலை விட்டவனுக்கு நீர் பகையாவதில்லை.