வேஷம் கலைந்த பிறகு

புனேயில் குடியேறிய நம்மவர்களில் பலர் மராட்டி நாடகம் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். 1968-ல் திறக்கப்பட்ட பால கந்தர்வ ரங்கமந்திரத்தைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை.

2016 ஜனவரியில் எதிர்வீட்டு மராட்டிய நண்பர் 'நடசாம்ராட்' படத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நானா படேகர் நடித்தது. எனக்குப் படம் பிடித்திருந்தது. நண்பரோ, "மூல நாடகத்தைப் படியுங்கள், சாஹேப்" என்று புத்தகத்தையே கொடுத்துவிட்டார். அவரிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டு முடிக்க இரண்டு மாதம் பிடித்தது.

எழுதியவர் வி.வா. சிர்வாட்கர். குசுமாக்ரஜ் என்ற புனைபெயரில் கவிஞராகப் புகழ்பெற்றவர். 1970 டிசம்பரில் நாடகம் முதலில் மேடையேறியது. நாயகன் கணபதிராவ் பேல்வல்கராக நடித்தவர் டாக்டர் ஸ்ரீராம் லாகூ. புனேயில் மருத்துவம் படித்து, காது மூக்கு தொண்டை நிபுணராக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் வைத்தியத்தை விட்டுவிட்டு மேடையே கதி என்று வந்தவருக்கு இந்த வேஷம் வாய்த்தது. 2019-ல் புனேயில்தான் காலமானார்.

பேல்வல்கர் ஷேக்ஸ்பியர் வேஷங்களில் கொடிகட்டிப் பறந்த நடிகர். ஓய்வு பெற்றதும் சொத்தையெல்லாம் மகனுக்கும் மகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, மனைவி காவேரியுடன் அவர்கள் வீட்டில் தங்குகிறார். லியர் அரசன் கதைதான். மகன் வீட்டில் அவமானம். மகள் வீட்டில் திருட்டுப் பழி. வெளியேறுகிறார்கள். காவேரியும் போய்விடுகிறாள். மிஞ்சுவது நடைபாதையும், ஷூ பாலிஷ் போடும் ஒரு பையனின் துணையும். (கதையைக் கேட்ட என் மனைவி, "ஃபிளாட்டை இப்போ யார் பேருக்கும் எழுத வேண்டாம்" என்றாள்.)

பிள்ளைகளின் நன்றிகெட்டதனம் என்று இதைச் சுருக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே 1970-ல் நம் 'வியட்நாம் வீடு' படம் வந்தது. சிவாஜி முன்பே மேடையில் நடித்த கதை. பிரஸ்டீஜ் பத்மநாபனை யார் மறப்பார்கள்? உத்தியோகம் போனதும் பாதி உயிர் போய்விடுகிறது அவருக்கு. பேல்வல்கரின் சங்கடம் இன்னும் ஒரு படி ஆழம். பத்மநாபனுக்கு இருந்தது ஒரே வேஷம். பேல்வல்கரோ ராஜாவாகவும் கொலைகாரனாகவும் வாழ்ந்து பழகியவர். தாத்தா வேஷத்துக்கு மட்டும் ஒத்திகையே பார்க்கவில்லை. வீட்டிலும் மேடைக் குரல், மேடைக் கோபம். உண்மையில் வீட்டில் நன்றாக நடிக்கத் தெரிந்தவர்கள் மகளும் மருமகளும்தான்!

வெகுநாள் "எஸ்.எஸ்.இ. பேசுகிறேன்" என்றே போனை எடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சில மாதம் அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றது. மறுமுனையில் பெரும்பாலும் பால்காரர்.

கடைசிக் காட்சியில் பிள்ளைகள் தேடி வந்து அழைக்கிறார்கள். அவர் போகவில்லை. நினைவு தடுமாறி, தாம் யார் யார் என்று அடுக்குகிறார்: சீசர், ஒதெல்லோ, ஹாம்லெட்... அந்த வரிசையிலேயே தம் சொந்தப் பெயரையும் சொல்கிறார். புத்தி பேதலித்துவிட்டது என்பது நண்பரின் கட்சி. தம் பெயரும் தாம் போட்ட ஒரு வேஷம்தான் என்று தெரிந்தே சொன்னார் என்பது என் கட்சி. இன்றுவரை மாலை நடையில் எங்களுக்குள் இந்த வழக்கு தீரவில்லை.