காவிரியின் மகசீர் மீனும் கரையோர மக்களும்

துறையூர்ப் பகுதியில் வாழும் நமக்கு மீன் என்றவுடன் ஏரியும் மீன்பாசிக் குத்தகையுமே நினைவிற்கு வரும். ஏரி நிரம்பினால் ஏலம். நீர் வற்றினால் வலை. மீனின் மதிப்பு அது தராசில் ஏறும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அயர்லாந்து நாட்டின் காரிப் ஏரிக்கரையிலோ கணக்கு வேறு. அங்கே இயற்கையாய் வாழும் டிரௌட் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்க வருவோர் தரும் படகு வாடகையும் விடுதிக் கட்டணமும் கரையோர ஊர்களுக்கு வருவாயாகின்றன. ஏரியில் மீன் இருக்கும் வரையில்தான் அவ்வருவாய் உண்டு. ஆகவே ஏரியைக் காப்பது ஊராரின் பிழைப்பாகவே ஆகிவிடுகிறது.

அந்த டிரௌட் மீனை ஆங்கிலேயர் நம் நீலகிரிக்கும் கொண்டு வந்தனர். 1879-ஆம் ஆண்டிலேயே நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றினர். 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தனர். வந்த விருந்தாளிக்கு இத்தனை உபசாரம் நடந்திருக்க, ஆற்றில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் வந்தது. டிரௌட்டை விடப் பன்மடங்கு பெரிய மீன் ஒன்று நம் காவிரியிலேயே பிறந்து வளர்ந்து வந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அதுவே மகசீர். கெண்டை இனத்தைச் சேர்ந்தது. திமில் போல் உயர்ந்த முதுகும் செம்மஞ்சள் துடுப்புகளும் உடையது. இத்திமில் மகசீர் காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரியது. உலகில் வேறெந்த ஆற்றுக்கும் உரியதன்று. 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ, எடை இருந்தது.

காவிரி கர்நாடகக் காடுகளினூடே பாயும் பீமேசுவரி, கலிபோர் ஆகிய இடங்களில் பின்னாளில் தூண்டில் முகாம்கள் அமைந்தன. பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தனர். கேழ்வரகு மாவைப் பிசைந்து உருட்டிய உருண்டையே இரை. பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. தூண்டில் இரைக்கு மயங்கி விழுங்கும் மீனைச் சூதாடிக்கு உவமையாக்கினார் திருவள்ளுவர். விழுங்கிய பின்னும் ஆற்றுக்குத் திரும்பும் மீனை அவர் கண்டிருக்க மாட்டார்! பரிசல் ஓட்டவும் சமைக்கவும் வழிகாட்டவும் சுற்றுப்புற ஊரார் வேலை பெற்றனர். முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்களுள் சிலரே வழிகாட்டிகளாயினர். ஆற்றின் மடுக்களை அவர்களைப்போல் அறிந்தவர் யார்?

இம்முகாம்களால் மற்றொரு பயனும் விளைந்தது. கலிபோரில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட 6,161 மகசீர் மீன்களின் கணக்கு பதிவேட்டில் இருந்தது. ஆய்வாளர்கள் அதனைப் புரட்டியபோது அதிர்ச்சியான செய்தி வெளிப்பட்டது. மகசீர் பெருகியிருந்தது, ஆனால் பெருகியது நீலத் துடுப்பு மகசீர் என்னும் வேறோர் இனம். கிருட்டிணை ஆற்றுப் பகுதிக்குரிய அவ்வினத்தின் குஞ்சுகள், மகசீரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு லோனாவ்லாப் பண்ணையில் வளர்க்கப்பட்டுப் பல ஆறுகளில் விடப்பட்டவை. காவிரியிலும் விடப்பட்டன. காவிரிக்கே உரிய திமில் மகசீரோ ஆண்டுதோறும் குறைந்து வந்தது. கிடைத்தவை பெரும்பாலும் முதிர்ந்த பெருமீன்கள். குஞ்சுகள் வளர்ந்து அவற்றின் இடத்தை நிரப்பவில்லை.

சரணாலயத்தினுள் தூண்டிலிடுவதும் வனவிலங்குச் சட்டப்படி வேட்டையே என்று கொள்ளப்பட்டு முகாம்கள் மூடப்பட்டன. சட்டத்தின் நோக்கம் தூயதுதான். ஆயினும் இரவும் பகலும் ஆற்றைக் கண்காணித்த கண்கள் அகன்றன. வழிகாட்டிகளின் கூலி நின்றது. பதிவேடும் 2012-உடன் முடிந்தது. வெடிக்காரர்களுக்கு இது வாய்ப்பாயிற்று என மகசீர் ஆய்வாளர்கள் எழுதியிருக்கின்றனர். நாம் தடையை முற்றும் பழிக்கவில்லை. காவலர் போதாத நீண்ட ஆற்றில், மீனால் பிழைப்பவர்களை விலக்கிவிட்டு மீனைக் காப்பது எங்ஙனம் என்பதே நம் வினா.

இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை அறிவியற்பெயர் உறுதியாகவில்லை என்பது வியப்பே. கேரளத்துப் பாம்பாற்று மீனுக்கு முன்பே சூட்டியிருந்த ‘டோர் ரெமாதேவியை’ என்ற பெயர் திமில் மகசீருக்கும் உரியது என அவ்வாண்டில் நிறுவப்பட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்ததும் அவ்வாண்டிலேதான். பெயரில்லாத இனத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அதனால்தான் இவ்வளவு தாமதம்.

அந்த ஆய்வுக்கு மீன் கிடைத்த இடம் நம் தமிழகத்து மாயாறு. மாயாறு பவானியிலும், பாம்பாறு அமராவதியிலும், அவ்விரண்டும் காவிரியிலும் கலக்கின்றன. முக்கொம்பில் பிரிந்து திருவரங்கத்தைச் சூழ்ந்தோடும் நீரில் அவற்றின் பங்கும் உண்டு. மாயாறு புலிக் காப்பகங்களினூடே ஓடுவதால் அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. அது வேண்டுவதும் அன்று. அங்கே வேண்டுவன மூன்று: அணையிலிருந்து முறையாகத் திறக்கப்படும் நீர், வெடிக்காரர் நெருங்காத காவல், அதனைச் செய்ய அவ்வனத்து ஊர்களிலிருந்தே கூலி கொடுத்து அமர்த்தப்படும் ஆட்கள். குஞ்சு விடுவதானால் மாயாற்று மீனின் குஞ்சுகளையே விட வேண்டும். கங்கைச் சமவெளியின் கட்லாவையும் ரோகுவையும் ஏரியில் விட்டுக் குத்தகைக்காரர் பிழைப்பதில் நமக்கு மறுப்பில்லை. அவ்வழக்கத்தை ஆற்றுக்கும் கொண்டு செல்வதைத்தான் வேண்டாம் என்கிறோம்.