நீருக்கும் ஒரு காணி

உடுப்பிட்டியில் பழைய தோட்டக்காணியொன்று குடியிருப்புக் காணியாக மாறும்போது என்னென்ன நடக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். நில அளவையாளர் வருவார். காணி இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகத் துண்டாகும். நடுவில் ஒரு பாதை விடப்படும். டிப்பரில் கிரவல் வந்து இறங்கும், பள்ளம் நிரவப்படும். பிறகு மதில் எழும், வீடு எழும். கிணறு எங்கே வெட்டுவது, மின்கம்பம் எங்கே நடுவது, வாகனம் எப்படித் திரும்புவது என்றெல்லாம் பேசுவார்கள். கார்த்திகையில் அந்தக் காணியில் விழும் மழை எந்தப் பக்கத்தால் வெளியே போகும் என்ற கேள்விக்கு மட்டும் வரைபடத்தில் பதில் இருப்பதில்லை. முந்திய தலைமுறை அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் வேலியே அடைத்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கிய அந்த மழையைத்தான். ஆகவே ஒரு துளியையும் வீணே ஓடவிடக்கூடாது. நிலம் நிறைந்துவிட்டால் வீட்டுக்குள் வராமல் அனுப்பவும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் வைத்தே ஊரின் அமைப்பு உருவானது.

அன்றைய வேலியைப் பாருங்கள். பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்கள். இடையே கிடுகு அல்லது பனையோலை. மனிதரையும் மாட்டையும் மறித்த அந்த வேலி நீரை மறிக்கவில்லை. மேட்டுக் காணியில் விழுந்த மழை வேலியின் அடியால் கசிந்து அடுத்த வளவுக்குப் போனது. வழியில் தென்னம்பாத்தியிலும் வாழையடியிலும் தங்கி ஊறியது. ஒழுங்கைகள் வளவுகளைவிடத் தாழ்ந்திருந்தன. கோடையில் வண்டில் போன மணல் ஒழுங்கையே மாரியில் வெள்ளம் ஓடும் வழி. முழங்காலளவு தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். ஒழுங்கையில் வெள்ளம் நின்றபோதும் வீட்டுத் திண்ணை காய்ந்திருந்தது.

ஒழுங்கையிலிருந்து வெள்ளவாய்க்கால், வாய்க்காலிலிருந்து குளம், குளம் நிறைந்தால் வயல், வயலுக்கும் மிஞ்சினால் தரவையும் வெளியும் என்று நீர் படிப்படியாக இறங்கியது. குடாநாட்டில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்தன. கோடையில் வற்றிய குளத்தின் வண்டல் தோட்டத்துக்கு உரமாகப் போனது. அதனால் தூர்வாருவதற்கென்று தனிச் செலவு ஏற்படவில்லை. உடுப்பிட்டிக்குத் தென்மேற்கே விரிந்து கிடக்கும் வல்லைவெளி, மாரியில் நீர் பரவி நிற்கும் இடம். அதையடுத்துத் தொண்டைமானாறு கடல்நீரேரி. கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது என்று வழிவழியாகச் சொல்லப்படும் அந்த நீர்வழியின் கடல்வாயில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தடுப்பணை கட்டினார்கள். பொறியியலாளர் ஆறுமுகத்தின் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தில் அதுவும் ஓர் உறுப்பு. உப்புநீர் உள்ளே வராமல் தடுக்கவும், வெள்ளக் காலத்தில் கதவைத் திறந்து மிகைநீரைக் கடலுக்கு விடவும் அது பயன்படுகிறது.

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. நல்ல மேட்டுநிலம் யாருக்கு, நீர் தேங்கும் தாழ்நிலம் யாருக்கு என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒரே ஊரில் கிணற்றுக் கட்டில் கால் வைக்க முடியாதவர்கள் இருந்தார்கள். பெருமழையில் மண்வீடு கரைந்து கோயில் மடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியவர்களும் பெரும்பாலும் அவர்களே. வெள்ளம் போக வழி இருந்தது; அந்த வழியின் கடைசியில் யார் வீடு இருக்கிறது என்று ஊர் அக்கறைப்படவில்லை. இன்று புதிதாகத் திட்டமிடும்போது அந்த அநீதியையும் சேர்த்தே திருத்தவேண்டும்.

இன்றைய நிலைக்கு வருவோம். 1987 வடமராட்சி இராணுவ நடவடிக்கையிலிருந்து 2009 வரை இடம்பெயர்வும் திரும்பிவருவதுமாகக் கழிந்த ஆண்டுகளில் வாய்க்கால்கள் பற்றை மூடிக் கிடந்தன. எந்த வாய்க்கால் எந்தக் காணியின் எல்லையோரம் போகிறது என்று அறிந்தவர்கள் பலர் காலமானார்கள். பலர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். போர் முடிந்தபின் காணி விலை ஏறியது. வெளிநாட்டுப் பணம் வீடாக எழுந்தது. உறவுகள் திரும்ப வந்து கட்டிய வீடுகள் ஊருக்கு உயிர் தந்தன. அதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் கதியால் வேலி நின்ற இடத்தில் அத்திவாரம் போட்ட மதில் வந்தது. அதன் அடியால் நீர் கசியாது. முற்றத்துக்குக் கல் பதித்தார்கள். ஒழுங்கைக்குக் கொங்கிரீற் போட்டார்கள், வீதிக்குக் கார்ப்பெற் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாதை சில அங்குலம் உயர்ந்தது. இன்று பல இடங்களில் ஒழுங்கை மேலே, பழைய வளவு கீழே. நீரை ஏந்திச் சென்ற ஒழுங்கை இப்போது நீரை வீட்டுக்குள் தள்ளுகிறது. புதிதாகக் கட்டுபவர் மண் நிரப்பித் தன் வளவை உயர்த்துகிறார். அவர் தப்பிக்கொள்கிறார், பக்கத்து ஓட்டுவீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது.

2008 நவம்பர் 25 அன்று, நிஷா புயலின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் மழை பதிவானது. அந்த அளவு மழை ஒரு பரப்புக் காணியில் விழுந்தால் கிட்டத்தட்ட ஒரு இலட்சம் லீற்றர் நீர். 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கால் என்று வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. 2024 வெள்ளத்தை அடுத்து எலிக்காய்ச்சல் பரவி யாழ் மாவட்டத்தில் உயிர்களைப் பறித்தது. தேங்கிய வெள்ளம் மலசலகூடக் குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிடும். குழாய்நீர் வராத வீட்டில் அதற்குப்பின் குடிப்பதற்கு என்ன இருக்கிறது?

‘ஒவ்வொரு வீட்டிலும் நீர் ஊறும் குழி வெட்டினால் போதும்’ என்று சொல்பவர்கள் உண்டு. வெட்டத்தான் வேண்டும், ஐப்பசி மழையை அது நிலத்துக்குள் இறக்கும். ஆனால் கார்த்திகைக் கடைசியில் எங்கள் கிணறுகளை எட்டிப் பார்த்தால் விடயம் விளங்கும். பல இடங்களில் நீர்மட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். சுண்ணக்கல் நிறைந்துவிட்டது, குழிக்குள் விட்ட நீருக்கு இறங்க இடமில்லை. பெரும் புயல்கள் வருவதும் அந்த வாரங்களில்தான். ஆகவே பருவத்தின் தொடக்கத்துக்கு ஊறும் குழி. பருவத்தின் உச்சத்துக்கு, வெள்ளத்தை மேலே சில மணிநேரம் தேக்கி மெல்ல விடும் ஒரு பள்ளம். இரண்டும் வேண்டும்.

அந்தப் பள்ளம் எவ்வளவு பெரிது? நான்கு ஏக்கர், அதாவது 64 பரப்புத் தோட்டக்காணி குடியிருப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீற்றர் மழையில் அதன்மேல் விழுவது ஏறத்தாழ 1,600 கனமீற்றர் நீர். தோட்டமாக இருந்தபோது அதில் கால்பங்கு வெளியே ஓடியது என்று கொண்டால் 400 கனமீற்றர். கூரையும் முற்றமும் பாதையும் வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு ஓடினால் 1,075 கனமீற்றர். மேலதிகமான 675 கனமீற்றரைத்தான் தேக்கவேண்டும். அரை மீற்றர் ஆழத்தில் தேக்கினால் ஐந்தரைப் பரப்புக்குச் சற்றுக் குறைவான இடம் போதும். 64 பரப்பில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. மண்ணின் தன்மையையும் சரிவையும் அளந்து பொறியியலாளர் இந்தக் கணக்கைத் திருத்துவார்; ஆனாலும் தேவைப்படும் இடம் இதையொட்டித்தான் இருக்கும்.

அந்த இடம் காணியின் ஆகத் தாழ்ந்த மூலையில் அமையவேண்டும். நல்ல துண்டுகளை எல்லாம் விற்றபின் மிஞ்சும் மூலை அதற்கு உதவாது. நீர் நுழையும் வாயில் வண்டல் படிய ஒரு சிறு தொட்டி, வெளியேறும் வாயில் சிறிய குழாய், குழாயை மீறிய மழைக்கு யார் வீட்டையும் தொடாத ஒரு வழி ஆகியவை வேண்டும். பிள்ளைகள் தவறி விழாதபடி கரை சாய்வாக இருக்கவேண்டும். மழை விட்டு இரண்டு மூன்று நாட்களில் அது வற்றவேண்டும். இல்லையேல் டெங்கு நுளம்பு வளர்க்கும் இடமாகிவிடும். ஆண்டின் மற்ற மாதங்களில் அதில் பிள்ளைகள் விளையாடலாம், மாடு மேயலாம். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் 2013இல் திறந்த பெந்தெம்பிளைன் சதுக்கம் அப்படிப்பட்டது: வெயில் நாளில் விளையாட்டுத் திடல், மழை நாளில் குளம். பிறகு நகரங்கள் பல அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. மாரியில் நீர் நின்று கோடையில் மாடு மேய்ந்த எங்கள் தரவைகளும் இதே வேலையைத்தான் செய்தன.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. பெரிய காணியைத் துண்டாடும்போது பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கவேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதி. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி வயலை நிரப்புவதைத் தடுக்கிறது. எங்கள் பழைய உறுதிகள் பலவற்றில் வழி, வாய்க்கால் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. கொழும்பு தன் சதுப்புநிலங்களைக் காத்ததற்காக 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. வெள்ளத்தைத் தாங்க அந்தச் சதுப்பு வேண்டும் என்பதைத் தலைநகர் கணக்குப் பார்த்து உணர்ந்தது. குடாநாடும் அந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

ஒரு காணியில் மட்டும் செய்து பயனில்லை. மேட்டுக் காணி தேக்கி விடுவதை வாங்கிச் செல்ல வாய்க்கால் வல்லைவெளிவரை திறந்திருக்கவேண்டும். ஆகவே பிரதேச சபை முதலில் செய்யவேண்டியது, எஞ்சியிருக்கும் வெள்ளவாய்க்கால், மதகு, குளம் எல்லாவற்றையும் ஊர் முதியவர்களை அழைத்துச் சென்று வரைபடமாக்குவது. அவர்கள் இருக்கும்போதே அது நடக்கவேண்டும். அடுத்தது, காணிப் பிரிப்புக்கு அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் நீர் தேங்கும் துண்டைக் காட்டச் சொல்வது. அந்தத் துண்டைச் சபையின் பெயருக்கு உறுதி எழுதி வாங்குவது. தனியார் பெயரில் விட்டால் பத்து ஆண்டில் அதுவும் நிரவப்பட்டு விலைபோகும். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதி முடிவதற்குள் வாய்க்காலையும் பள்ளத்தையும் துப்புரவாக்க நிதியும் ஆளும் ஒதுக்கவேண்டும்.

காணி வாங்குபவர்களிடமும், கடல் கடந்திருந்து பணம் அனுப்புபவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உறுதியில் ஒப்பமிடுமுன் நீர் எங்கே போகும் என்று கேளுங்கள். மதில் கட்டினால் வாய்க்காலோரம் திறப்பு விடுங்கள். வளவை உயர்த்தினால் பக்கத்து வளவின் நீருக்கு வழி விட்டு உயர்த்துங்கள். 64 பரப்பில் ஆறு பரப்பை நீருக்கு விட்டால் மிச்சம் 58 பரப்பும், அதற்குக் கீழே இருக்கும் அயலவரின் வீடும் காயும். இந்தச் செலவைக் காணி பிரிக்கும் அன்றே செய்துவிடலாம். பிரித்து விற்று வீடு எழுந்தபின் எவ்வளவு பணம் கொடுத்தும் அந்த ஆறு பரப்பை மீட்க முடியாது.